சிவப்பைத் தொட்ட முள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜூலை மாதக் காலையில், கோமுகி அணையைத் தாண்டிக் கரியாலூருக்கு ஏறும் கல்வராயன் மலைப்பாதையில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்புதான் முதலில் வருகிறது. சிரித்து முடித்த பிறகு கண் கொஞ்சம் கலங்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் மலைமேல் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு கள்ளக்குறிச்சியில். என் கணவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். காலையில் எங்கள் பழைய டீசல் காரை நானே ஓட்டிக்கொண்டு மலை ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். கார் பல கை மாறி எங்களிடம் வந்தது. கதவைச் சாத்த ஒரு தனிப் பழக்கம் வேண்டும். ஆனாலும் கச்சிராயபாளையம் தாண்டி, வெயில் குறைந்து, ஜன்னல் வழியாக அந்தக் குளிர்ந்த காற்று உள்ளே வரும்போது எனக்கு என்னைவிடப் பாக்கியசாலி யாரும் இல்லை என்று தோன்றும். மலைப் பள்ளிக்குப் போட்டுவிட்டார்களே என்று மற்றவர்கள் அழுவார்கள். நான் கேட்டு வாங்கிக்கொண்டு போனவள்.

என் கணவருக்கு மட்டும் அந்த மலை ஆகாது. அதற்குக் காரணமும் இருந்தது. ஒரு மழைக்காலத்தில் பாதையில் மரம் விழுந்து, நான் நடுவழியில் மாட்டிக்கொண்டேன். அந்தப் பாதையில் பெரும்பாலும் சிக்னல் கிடையாது. அவர் காலையிலிருந்து என் எண்ணை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். சாயங்காலம் நான் ஹாயாக வந்து இறங்கினால், மனிதர் தெருமுனையில் நிற்கிறார். கடை அப்படியே திறந்து கிடக்கிறது. உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, "டிரான்ஸ்ஃபர் வாங்கிக்கினு கீழ வந்துடு" என்றார்.

அதோடு விட்டாரா? தோசைக்குச் சட்னி வைப்பது மாதிரி தினமும் அந்த வார்த்தையை வைப்பார். "கீழ எத்தினி ஸ்கூலு கீது. தியாகதுருகத்துல கேளு, எலவனாசூர்கோட்டையில கேளு. இன்னாத்துக்கு இந்த மலையேத்தம்?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் ஓட்டுதலில் அவருக்கு நம்பிக்கையில்லை, பெண்பிள்ளை என்று நினைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. "நீங்க ரோட்ல ஸ்கூட்டரே ஒழுங்கா ஓட்ட மாட்டீங்க" என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடியும்.

இதற்கிடையில் அவர் கைபேசியில் வீடியோ பார்க்க ஆரம்பித்தார். மலையேற்றத்தில் எஞ்சின் பழுதாகி நிற்கும் வண்டிகளாகத் தேடித்தேடிப் பார்த்தார். ஒருநாள் புதையல் கண்ட மாதிரி ஓடி வந்தார். "நம்ம வண்டியில தண்ணி சூடுதான் காட்டுது. ஆயில் சூடு இன்னான்னு காட்டவே மாட்டுது. மலையில ஆயில் சூடு ஜாஸ்தியாயி எஞ்சின் ஜாம் ஆனா யாருக்குத் தெரியும்?" என்றார். ஆயில் சூட்டைக் காட்டும் ஒரு மீட்டரையும் சென்சாரையும் வரவழைத்தே விட்டார். கட்டை விரல் நீளத்தில் ஒரு பித்தளைத் திருகு, அதன் தலையில் ஒரு வயர் மாட்டும் முனை, ஸ்டியரிங் பக்கத்தில் வைக்க ஒரு வட்ட டயல். டயலின் ஓரத்தில் சிவப்புக் கோடு.

அதை வைத்துக்கொண்டு என்னிடம் ஒப்பந்தம் போட்டார். "முள்ளு செவப்பத் தொடாத வரைக்கும் நான் டிரான்ஸ்ஃபர் பேச்சே எடுக்க மாட்டேன். ஒரே ஒரு தடவ தொட்டுச்சுன்னா, அடுத்த கவுன்சிலிங்ல நீ எழுதிக் குடுத்துடணும். செரியா?"

என் வண்டி மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை. "சரி" என்றேன். இனி அந்த வார்த்தையைக் கேட்க வேண்டாமே என்ற ஆசை வேறு.

ஒரு சனிக்கிழமை அதைப் பொருத்தினோம். முதலில் எண்ணெயை வடிக்கிற போல்ட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சென்சாரைப் போடுவதாகத் திட்டம். எங்கள் தெரு மெக்கானிக், அவ்வளவு தாழ்வாகத் தொங்கினால் மலையில் ஒரு கல் பட்டாலே உடைந்து மொத்த எண்ணெயும் போய்விடும் என்று சொல்லித் தடுத்தார். எனவே ஆயில் ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு தட்டு வைத்து, அதன் பக்கவாட்டில் சென்சாரைத் திருகினோம். பானெட்டைத் திறந்தால் மேலிருந்தே தெரியும். அவர் வண்டிக்கு அடியில் படுத்திருக்க, நான் டார்ச் பிடித்தேன். "இங்க காட்டு, அங்க காட்டு" என்று அதட்டியபடியே வேலை செய்தார். எண்ணெய் அவர் மூக்கில் சொட்டியது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

எல்லாம் முடித்து எஞ்சினை ஓடவிட்டால் முள் அசையவே இல்லை. "பாத்தியா, ஆயில் எவ்ளோ கூலா கீது" என்று பூரித்துப் போனார். திருக்கோவிலூர் சாலையில் வெகுதூரம் ஓட்டிப் பார்த்தும் முள் படுத்தே கிடந்தது. கடைசியில் மெக்கானிக்தான் காரணம் சொன்னார். எண்ணெய் கசியக் கூடாதென்று, தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பை சென்சாரின் மரைமேல் இவர் அழுத்தமாகச் சுற்றியிருக்கிறார். அந்த சென்சாருக்கு வயர் ஒன்றுதான். எஞ்சினின் இரும்பு உடம்பே அதற்கு இன்னொரு வயர். டேப் நடுவில் புகுந்து தொடர்பைத் துண்டித்துவிட்டது. டேப்பை உரித்து எடுத்துத் திரும்ப மாட்டியதும் முள் நல்ல பிள்ளையாக மெல்ல ஏறியது.

அதற்குப் பிறகு சில வாரங்கள் நிம்மதி. மலை ஏறும்போது முள் நடுக்கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போகும். மேலே சமதளம் வந்ததும் இறங்கிவிடும். சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, "இன்னிக்கி எவ்ளோ போச்சு?" என்று கேட்பார். நான் மார்க் சொல்வது மாதிரி சொல்வேன்.

அந்த ஜூலைக் காலை வந்தது. அவர் சொன்ன அந்த இடமாறுதல் கலந்தாய்வின் அறிவிப்பும் வந்திருந்த சமயம். கோமுகி அணையைத் தாண்டி ஏற ஆரம்பித்தேன். ஒரு வளைவில் திரும்பும்போது முள் சட்டென்று துள்ளிச் சிவப்பைத் தொட்டது, உடனே இறங்கியது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். அடுத்த வளைவிலும் அதே மாதிரி. அதற்கடுத்த வளைவில் ஏறியது இறங்கவே இல்லை. சிவப்புக்குள் போய்ச் சாய்ந்துகொண்டு நின்றது.

எஞ்சின் போச்சு என்பது ஒரு பக்கம். என் பள்ளிக்கூடம் போச்சு என்பதுதான் அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. முள் சிவப்பைத் தொட்டாயிற்று. இனி தோசைக்குத் தோசை வாதம் செய்ய எனக்கு வாய் கிடையாது. நானே ஒத்துக்கொண்டதுதானே.

இன்னொரு திருப்பம் தாண்டினால் கொஞ்சம் அகலமான இடம் உண்டு. அங்கு மட்டும் சிக்னல் கிடைக்கும். எப்படியோ அங்கே கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு அவருக்குப் போன் செய்தேன். "முள்ளு செவப்புல நிக்குதுங்க" என்றேன். அவர் திட்டவில்லை, அன்றைக்கே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. "வண்டிய வுட்டு எறங்கு. பானட்டத் தொறக்காத. அங்கயே நில்லு, நான் வந்துக்கினே இருக்கேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த இடத்தில் ஒரு மலைக்காரப் பெண் கீழே போகிற பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தார். காலடியில் மரவள்ளிக் கிழங்கு மூட்டை. என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. ஆனால் அந்த நேரத்தில் கார் ஓட்டிக்கொண்டு மலை ஏறுகிற பெண் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"இன்னா டீச்சர், வண்டி படுத்துக்கிச்சா?"

"சூடு ஏறிடுச்சுங்க."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "பொகையும் காணோம், நாத்தமும் காணோம். மூஞ்சி கழுவிக்கினு ஒக்காருங்க மொதல்ல" என்று தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அதற்குள் கீழே போகும் பேருந்து வந்துவிட்டது. ஓட்டுநர் நிறுத்தி, "டீச்சர், இன்னா ஆச்சு?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார் என்றேன். அந்த அம்மாள் மூட்டையைத் தூக்குவார் என்று பார்த்தேன். தூக்கவில்லை. "நீங்க போங்க. இவங்கள ஒண்டியா வுட்டுட்டு எப்பிடி வர்றது?" என்று பேருந்தை அனுப்பிவிட்டார். அடுத்த பேருந்து எப்போது வரும் என்று அந்தப் பாதையில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சந்தைக்குப் போகிறவர், யாரென்றே தெரியாத எனக்காக நின்றார். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொன்னதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் உட்கார்ந்ததும் எனக்குத் தலை தெளிந்தது. தெளிந்ததும் ஒரு சந்தேகம் வந்தது. எண்ணெய் என்பது மெல்லச் சூடாகி மெல்ல ஆறுகிற பொருள். ஒரு வளைவில் ஏறி, அடுத்த நொடியே இறங்குமா? இதே பாடத்தைத்தானே வகுப்பில் தொண்டை வறள நடத்துகிறேன்! பானெட்டைத் திறக்காதே என்று அவர் சொல்லியிருந்தார்தான். பானெட் மேல் கை வைத்துப் பார்த்தேன், வழக்கமான சூடுதான். திறந்தேன்.

எனக்கு முன்னால் அந்த அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டார். பிறகு, "இன்னா டீச்சர், உங்க வூட்டுக்காரரு எஞ்சினுக்கு ஊறுகா போட்டுக்கீறாரா?" என்றார்.

ஆயில் ஃபில்டருக்கு நேர்மேலே, ஓர் இரும்புக் குழாயில் கட்டி, ஒரு எலுமிச்சம்பழமும் நாலைந்து பச்சை மிளகாயும் ஒரு கரித்துண்டும் தொங்கின. திருஷ்டி கழிக்க வண்டி முன்னால் கட்டுவார்களே, அதே சரம். எஞ்சின் சூட்டில் வெந்து, வற்றி, பழம் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கியிருந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நாங்கள் கிறிஸ்தவர்கள். என் கணவர் எங்கள் கோயிலின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். பக்கத்து வீட்டு லோடு வண்டியில் எலுமிச்சம்பழம் கட்டினால், "பழமா வந்து பிரேக்கப் புடிக்கும்?" என்று கேலி செய்கிறவர். அந்த மனிதர்தான் இதைக் கட்டியிருக்கிறார். வெளியே கட்டினால் ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் மானம் போய்விடும் என்று, யார் கண்ணிலும் படாத இடமாகப் பார்த்து பானெட்டுக்குள் கட்டியிருக்கிறார். அதுவும் நூல் சூட்டில் அறுந்துவிடும் என்று யோசித்துக் கட்டுக்கம்பியில்!

கம்பிதான் வினை. பழம் பச்சையாக இருந்தவரை கம்பியின் நுனி அதற்குள்ளேயே புதைந்திருந்திருக்கிறது. பழம் சுருங்கியதும் நுனி வெளியே நீட்டிக்கொண்டது. வளைவுகளில் சரம் ஊஞ்சலாடி, அந்த நுனி சென்சார் தலையில் வயர் மாட்டிய முனையைத் தட்டியிருக்கிறது. கடைசியாகத் தட்டியபோது அதிலேயே கொக்கி போட்டு மாட்டிக்கொண்டது. வயரிலிருந்து கம்பிக்கு, கம்பியிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து எஞ்சினுக்கு என்று மின்சாரம் குறுக்கு வழியில் போய்விட்டது. சூடு கூடக் கூட அதிக மின்சாரத்தை விடுகிற சென்சார் அது; மீட்டர் பாவம், அதிகபட்சச் சூடு என்று நினைத்துக்கொண்டது. கம்பியை விலக்கிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் தன் பழைய இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. மறுபடி தொட வைத்தேன், சிவப்பு. விலக்கினேன், இறங்கியது. பிள்ளைகளுக்கு மின்சுற்று நடத்த இதைவிட நல்ல செய்முறை கிடையாது.

சரத்தைப் பிய்த்து எறியப் போனேன். அந்த அம்மாள் பதறிவிட்டார். "வழியில போட்டுறாதீங்க டீச்சர். யாராச்சும் மிதிச்சிரப் போறாங்க."

எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்காகப் பேருந்தை விட்டவரிடம் எப்படி வாதம் செய்வது? சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தேன். போகிற வருகிற வண்டியெல்லாம் நின்று விசாரித்தது. கிழங்கு ஏற்றிய மினி லாரி, பால் வண்டி, பைக்கில் போன தம்பதி. எல்லோரும் "டீச்சர், இன்னா ஆச்சு?" என்று கேட்டார்கள். எல்லோரும் என் கையில் இருந்த எலுமிச்சம்பழத்தையும் பார்த்தார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

என் கணவர் வந்தார். ஸ்கூட்டரில், கட்டிய லுங்கியோடு, காலில் ஜோடி மாறிய செருப்போடு. காலடியில் கருவிப்பெட்டி, எண்ணெய் டப்பா, கூடவே ஒரு குடம் தண்ணீர். பாதி வழியிலேயே தண்ணீர் சிந்தி முழங்கால் வரை நனைந்திருந்தார். அந்த மலைமேல் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றாமல் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகுதான் என் கையைப் பார்த்தார்.

நான் சரத்தைத் தூக்கிக் காட்டினேன்.

மனிதர் திருதிருவென்று முழித்தார். அந்த அம்மாள் நாகரிகமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் தோள் குலுங்கியது.

"மெக்கானிக்கு அமாவாசைக்கு அவரு கடையில கட்டுனாரு. நமக்கும் ஒண்ணு குடுத்தாரு" என்று என் கணவர் ஆரம்பித்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஜெபம் பண்ணிட்டுதான் கட்டனேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. "நீ ஏறிப் போனீனா, நீ ஸ்கூல்லேருந்து போன் பண்ற வரைக்கும் எனக்கு உசுரு கையில இல்ல. மூட்டைய எண்ணச் சொன்னா தப்பா எண்றேன். மீட்டரு வெச்சும் அடங்கல. ஜெபம் பண்ணியும் அடங்கல. அதான் இதையும் கட்டிப் பாத்தேன்" என்றார். கூச்சம் மிகுந்த ஆள். மூன்றாம் மனிதர் இருக்கும்போது என் பெயரைக்கூடச் சொல்ல மாட்டார். அன்று அந்த நடுரோட்டில் இதைச் சொன்னார்.

சரி, நடந்ததை விளக்கிவிட்டு நானே கேட்டேன். "முள்ளு செவப்பத் தொட்டுடுச்சே. கவுன்சிலிங்குக்கு எழுதிக் குடுக்கணுமா?"

அவர் தான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். "அடிவாரத்துலயே பஸ்ஸுக்காரரு நிறுத்தினாரு. டப்பாவப் பாத்துட்டு, ‘டீச்சர் வூட்டுக்காரரா? பதறாதீங்க, அவங்க நல்லாக்கீறாங்க’ன்னாரு. கொஞ்சம் மேல வந்தா லாரிக்காரன் சொல்றான். அப்பறம் பால் வண்டி. வழியெல்லாம் நீ நல்லாக்கீறன்னு யாராச்சும் சொல்லிக்கினே இருந்தாங்க" என்றார். "நான் இத்தினி நாளா நீ இங்க ஒண்டியா போறேன்னு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றார்.

பிறகு, என்னிடமிருந்து சரத்தை வாங்கிக்கொண்டு, "நூலுல கட்டிக்கட்டுமா? அந்தாண்ட பக்கமா?" என்று கெஞ்சுகிற மாதிரி கேட்டார். அந்த அம்மாள் தன் மூட்டையின் வாயைக் கட்டியிருந்த சணலில் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தார். என் கணவர் கட்டினார். நான் டார்ச் பிடிக்கவில்லையே தவிர, பக்கத்தில்தான் நின்றேன்.

கருவிப்பெட்டியையும் டப்பாவையும் குடத்தையும் என் கார் டிக்கியில் வைத்தார். ஏன் என்று கேட்டேன். மரவள்ளி மூட்டையைத் தூக்கி ஸ்கூட்டரின் காலடியில் வைத்தபடி, "இவங்க உன்னால பஸ்ஸ வுட்டுட்டாங்க. நான் சந்தையில எறக்கி வுட்டுட்டுக் கடைக்குப் போறேன். நீ கெளம்பு, பெல்லு அடிச்சிரப் போறான்" என்றார்.

"நான் தனியாவா?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"யாரு தனியா?" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரைக் கீழ்நோக்கித் திருப்பினார். அந்த அம்மாள் பின்னால் உட்கார்ந்து எனக்குக் கை காட்டினார். லுங்கிக்காரரும் மலைக்காரம்மாவும் கிழங்கு மூட்டையும் வளைவில் மறையும் வரை பார்த்துவிட்டு நான் மேலே ஏறினேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத்தான் தெரியும்.

அன்று நான் முதல் பாடவேளைக்குத் தாமதம். ஏழாம் வகுப்பில் மின்சுற்றுப் பாடத்தை அன்றே எடுத்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யார் வீட்டுக் கதை என்று மட்டும் சொல்லவில்லை.

கலந்தாய்வு தேதி வந்தது, போனது. அவர் வாயைத் திறக்கவில்லை. நான் இன்றும் அதே மலைப் பள்ளியில்தான் இருக்கிறேன். போய்ச் சேர்ந்ததும் பள்ளியிலிருந்து போன் செய்ய மட்டும் மறப்பதில்லை. முன்பெல்லாம் அதைக் கெடுபிடி என்று நினைத்து அலுத்துக்கொள்வேன். ஒரே வீட்டில் ஒரே தட்டில் சாப்பிட்டு வாழ்ந்தும், என்னை வழியனுப்பிவிட்டு ஒரு மனிதர் தினமும் எவ்வளவு பயத்தை விழுங்கிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தார் என்பது, அந்த பானெட்டைத் திறந்து பார்க்கும்வரை எனக்குத் தெரியாமலே போய்விட்டதே!